படுக்கைக்கும் முக்காலிக்கும் எவ்வளவு தூரம்?

வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பயணம் போகப் போகிறேன், நிலக்காட்சிகளைப் படம் எடுக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த பேச்சு கேமராவைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. எந்த கம்பெனி, எத்தனை மெகாபிக்சல், எந்த லென்ஸ். நானும் அங்கேதான் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், 52 வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் பதினான்கு பக்கம் கேமரா விலைகள். எங்கே தங்குவது, எப்படிப் போவது என்பதற்கு அரைப் பக்கம். இன்று அதே நோட்டை மறுபடி எழுத உட்கார்ந்தால் அந்தப் பதினான்கு பக்கத்தையும் தங்குமிடத்துக்குக் கொடுத்துவிட்டு, அரைப் பக்கத்தைக் கேமராவுக்கு விடுவேன்.

காரணம் வெளிச்சம். சூரியன் தாழ்வாக நிற்கும்போதுதான் மணலின் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழுகிறது, மலை மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. வானத்தில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் பகுதியில் அது ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுவதால், தொடுவானத்திலிருந்து 6 பாகை உயர 25 நிமிடம்தான் ஆகிறது. வட ஐரோப்பாவில் குளிர்காலச் சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறுவதால் அதே வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். அங்கே எழுதப்பட்ட பயிற்சிக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே நிதானமாகக் கிளம்பினால், போய்ச் சேரும்போது வெயில் வெளுத்திருக்கும். ஆகவே எந்த ஏற்பாட்டை எடைபோட்டாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு, கேமராவைத் தாங்கும் என் முக்காலி நிற்க வேண்டிய இடத்துக்கும், நான் படுத்திருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? வீடு, வண்டி, கேமரா என்று ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வீட்டை என்ன செய்வது

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ முழுநேரமும் பயணத்தில் இருப்பது ஒன்று. வீடு அப்படியே இருக்க, மாதத்தில் எட்டுப் பத்து நாள் வெளியே போய்வருவது மற்றொன்று. மூன்றாவது, வீட்டை வைத்துக்கொண்டே ஏதாவது ஒரு சிற்றூரில் ஒரு பருவம் முழுவதும் அறை எடுத்துத் தங்குவது.

அண்ணன் முதல் வழியைச் சொன்னார். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தென்காசிப் பக்கத்து வீட்டில் நான் ஒருத்தி. “ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு? விற்றுவிட்டால் வட்டியிலேயே ஊர் சுற்றலாமே” என்றார். அதில் உண்மை இருக்கிறது. பூட்டிய வீட்டுக்கும் வரி உண்டு, கரையான் உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்கிச் சாதித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கேலன் ரொவெல் 1972-ல் தன் கார் பழுதுபார்க்கும் தொழிலை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆனவர். ஆனால் அவர் விற்றது தொழிலைத்தான். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக சியரா நெவாடா மலைகளில் ஏறி இறங்கி, அந்தப் பாறைகளை உள்ளங்கை ரேகை போல அறிந்திருந்தார். புது வாழ்க்கைக்கு அவர் கொண்டுபோன முதலீடு, தெரிந்த ஒரு நிலம்.

நான் வீட்டை விற்கவில்லை. உடம்பு அதை முடிவு செய்தது என்றே சொல்வேன். தொடங்கிய நான்காவது மாதம் வெளியூரில் காய்ச்சல் கண்டு, ஒரு பஸ் நிலையத்தின் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கே போவது என்று யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் இருந்தது அன்றைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மறக்கவே முடியாது. வீடு வந்து ஒன்பது நாள் படுத்திருந்தேன். ஐம்பதைத் தாண்டித் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு, குறைந்தது முதல் இரண்டு ஆண்டுகளாவது, திரும்பிப் போக ஒரு கதவு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொந்த வீடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெட்டியும் ஹார்டு டிஸ்க்கும் பத்திரமாக இருக்கும் ஓர் அறை போதும்.

இரண்டாவது வழியில் ஓர் ஆண்டு முழுவதும் இருந்து பார்த்தேன். மாதம் பத்து நாள், ஒரு பயணத்தில் மூன்று நான்கு இடங்கள். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் 41 இடங்கள். அந்த ஆண்டு எடுத்தவற்றில் பெரிய அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம் என்று மனதாரத் தோன்றிய படங்கள் நான்கு. அந்த நான்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் குளத்தங்கரையில், பயணங்களுக்கு நடுவே ஓய்வெடுத்த நாட்களில் எடுத்தவை. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் எந்த நேரத்தில் இறங்கும், காற்று எப்போது நின்று தண்ணீர் கண்ணாடியாகும் என்பதெல்லாம் எனக்குப் பார்க்காமலே தெரியும். பயணம் போன அந்த 41 இடங்களிலும் நான் விருந்தாளி. முதல் நாள் இடம் பிடிபடாது. இரண்டாம் நாள் மேகமூட்டம். மூன்றாம் நாள் ஊர் திரும்ப டிக்கெட். எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தை எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 14 வயதில், 1916-ல், முதன்முதலாக யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனவர். பிறகு 1984-ல் இறக்கும் வரை ஆண்டுதோறும் அங்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். அந்தப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் அப்படி வந்தவை. குளத்தங்கரைப் படங்கள் நான்கையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

தேரியில் மூன்று மாதம்

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் மேற்கே செந்நிற மணல்மேடுகள் இருக்கின்றன. தேரி என்பார்கள். இரும்புத் துரு ஏறிய மணல். விடியும்போது அது கருஞ்சிவப்பாகக் கிடந்து, சூரியன் தொட்டதும் குங்குமமாக மாறும். அதன் ஒரு பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. நான் நின்றது அதற்கு வெளியே, பனைகள் நிற்கும் பட்டா நிலத்தின் ஓரத்தில்.

பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதத்துக்கு ஓர் அறை எடுத்தேன். மாத வாடகை 3,500 ரூபாய். மணல் தொடங்கும் இடத்துக்கு நடந்தால் இருபது நிமிடம். கணக்கைப் பாருங்கள்: அதற்கு முந்தைய ஆண்டு லாட்ஜில் ஓர் இரவுக்கு 900 ரூபாய் வீதம் பத்து இரவுக்கு 9,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே தொண்ணூறு இரவுக்கு 10,500. பத்து விடியல்களின் விலைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத் தொண்ணூறு விடியல்கள்.

முதல் பத்து நாள் எடுத்தவை எல்லாம் வீண். மணல்மேட்டின் விளிம்புக்கோட்டை மட்டும் துரத்திக்கொண்டிருந்தேன். பனையேறும் அண்ணாச்சி ஒருவர், இடுப்பில் அரிவாள்பெட்டி, தோளில் கலயங்கள், தினமும் என்னைக் கடந்து போவார். மூன்றாம் வாரம் ஒரு நாள் நின்று, “அக்கா, காற்று ராத்திரி கடலிலிருந்து வந்த மறுநாள்தான் மணல் வரி விடும். இன்றைக்குப் பார்க்காதீர்கள், நாளைக்கு அந்தக் கொல்லாமரத்துப் பக்கம் போங்கள்” என்றார். மறுநாள் போனேன். முந்தைய நாள் வரை மனிதக் காலடியும் ஆட்டுக் குளம்படியுமாகக் குழம்பிக் கிடந்த சரிவு, சீப்பு வைத்து வாரியதுபோல் இருந்தது. ஒவ்வொரு வரியின் மேற்குப் பக்கமும் நீலநிழல். நடுவே ஒரு வண்டு போன தடம், புள்ளி புள்ளியாக, கொல்லாமரத்தின் வேர் வரை. முக்காலியின் கால்களை முழுதும் மடக்கி மணலோடு மணலாக உட்கார்ந்து எடுத்தேன். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இரண்டு நாள் விருந்தாளியிடம் அந்த அண்ணாச்சி அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு இந்த வழியில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. ஓர் ஊரில், பெயர் வேண்டாம், இரவு எட்டு மணிக்கு முன்பதிவோடு போய் நின்றபோது லாட்ஜ் மேசையில் இருந்தவர், தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை என்று பணத்தைத் திருப்பி நீட்டினார். பத்து நாளுக்கு நான்கு ஊர் மாறுகிறவள் அந்தப் பரிசோதனையை நான்கு முறை எதிர்கொள்ள வேண்டும். ஒரே ஊரில் மூன்று மாதம் இருப்பவள் ஒரே ஒரு முறைதான். இரண்டாம் வாரத்திலேயே, காலை ஐந்து மணிக்கு இருட்டில் பையோடு நடப்பது போட்டோ எடுக்கிற அக்கா என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் காய்ச்சலால் போகாமல் இருந்தபோது டீக்கடைக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தார்.

ரயிலா, ஸ்கூட்டரா, காரா

பஸ்ஸும் ரயிலும் மலிவு. உடம்பு களைக்காது. தூங்கிக்கொண்டே ஊர் சேரலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நாள் குறித்து வைத்துக்கொண்டால் போதும். குறை ஒன்றுதான், ஆனால் கொடிய குறை: சிற்றூர்களில் முதல் பஸ் விடிந்த பிறகுதான் வரும். அந்த 25 நிமிடம் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

கார் என்றதும் எல்லோருக்கும் வருகிற கனவு, அதிலேயே படுத்துக்கொள்வது. படுக்கைக்கும் முக்காலிக்கும் தூரமே இல்லை. அண்ணனின் காரைக் கேட்டு வாங்கி, பின் இருக்கையை மடக்கி மெத்தை போட்டு, பதினோரு இரவு முயன்று பார்த்தேன். நம் வெப்பத்தில் கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டுகிறது. இறக்கினால் கொசு. கடற்கரையோரம் நள்ளிரவில் போலீஸ்காரர் டார்ச் அடித்து எழுப்பி, மரியாதையாகவே, “இங்கே வேண்டாம் அம்மா, ஊருக்குள் கோயில் பக்கம் போய் நிறுத்துங்கள்” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஊருக்குள் போய்ப் படுத்தால் காரில் படுப்பதன் பொருளே போய்விட்டது. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்கைத் தேட வேண்டும். வேன் வாங்கி உள்ளே கட்டில் அடுப்பு எல்லாம் அமைக்க நினைப்பவர்கள், வண்டியின் அமைப்பை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வாங்கிப் பதிவுச் சான்றிதழிலும் ஏற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. குளிர்ந்த மலைநாடுகளில், துணைக்கு ஆள் இருந்தால், இந்த வழி நன்றாக அமையலாம். தனியாக, சமவெளியில், வேண்டாம்.

ஸ்கூட்டர் எனக்குப் பொருந்தியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 22 லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 2,200. அதே தூரத்துக்குக் காருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. நெடுந்தூரத்துக்கு ரயில், போய்ச் சேர்ந்த இடத்தில் ஸ்கூட்டர். அதை ரயில் பார்சலிலேயே அனுப்பிவிடலாம். டேங்கைக் காலி செய்து, சாக்கு சுற்றிக் கட்டித் தருவார்கள். அறை நடக்கும் தூரத்தில் இருந்தால் அதுவும் பாதி நாள் நின்றுகொண்டுதான் இருக்கும். தேரியில் ஸ்கூட்டர் மணலில் புதையும். அங்கே கால்தான்.

கேமரா

இப்போது அந்தப் பதினான்கு பக்கத்துக்கு வருகிறேன். சுருக்கமாகவே சொல்லலாம். கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃப்ரேம் என்னும் பெரிய வகை 36க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய வகை அதில் பாதிக்கும் குறைந்த பரப்பு. பெரியது இருட்டில் தெளிவாகப் பார்க்கும், உண்மை. ஆனால் நிலக்காட்சிக்காரர் முக்காலியில் வைத்து, சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100-ல், ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைத்து எடுக்கிறார். அசையாத மலைக்கு இரண்டு விநாடி கொடுக்க முடியும்போது பெரிய சென்சாரின் லாபம் சுருங்கிவிடுகிறது. பால்வெளியை எடுப்பதே உங்கள் ஆசை என்றால் ஃபுல் ஃப்ரேமுக்குச் சேமியுங்கள். இல்லையென்றால் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி தாராளம். 6000க்கு 4000 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20க்கு 13 அங்குலம் அச்சிடலாம். நான் 38,000 ரூபாய்க்குப் பழைய கேமராவும் 18–135 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸும் வாங்கினேன். கையில் ஏற்கெனவே நல்ல போன் இருந்தால், முதல் மூன்று மாதம் அதோடு ஒரு முக்காலியை மட்டும் வாங்கிப் போங்கள் என்றுகூடச் சொல்வேன். அந்த இடத்தில் விடியற்காலை எழுந்து நிற்கப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மிச்சப்பட்ட பணத்தை நல்ல முக்காலியில் போட்டேன். அலுமினியம், 1.8 கிலோ. கார்பன் ஃபைபரில் அரைக் கிலோ குறையும், விலை இரண்டு மடங்குக்கு மேல். கடற்காற்றிலும் தேரி மணலிலும் நின்ற முக்காலியை ஒவ்வொரு நாளும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒரு வாரம் சோம்பல்பட்டதில் பூட்டு திருகும்போது பல்லில் மண் அரைபடுவதுபோல் சத்தம் வந்தது. மணல் பறக்கும் இடத்தில் லென்ஸை மாற்றவே கூடாது. அகலத்தையும் தொலைவையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஜூம் லென்ஸ், கூர்மையில் கொஞ்சம் குறைந்தாலும், அங்கே சிறந்தது.

விலை ஒப்பீடுகளில் யாரும் எழுதாத ஒன்று ஈரம். என் கணவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த பழைய லென்ஸ் ஒன்றைத் தோலுறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். இரண்டு சாரல் காலம் கழிந்து எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியில், ஓரத்திலிருந்து நடுவுக்கு, சிலந்தி நூல்போல் வெள்ளைப் பூஞ்சை கிளைவிட்டிருந்தது. சுத்தம் செய்ய முடியாத அளவுக்குக் கண்ணாடியைத் தின்றுவிட்டது. ஒரு காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், மொத்தம் முந்நூறு ரூபாய்க்குள். கேமரா வாங்கும் அன்றே அதையும் வாங்குங்கள்.

இமயமா, பக்கத்து மாவட்டமா

கிளம்புகிற எல்லோருக்கும் லடாக் வேண்டும். எனக்கும் வேண்டும். ஹன்லேயில் இரவு வானத்தைக் காக்கும் காப்பகமே அமைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு முறை நிற்காமல் விடப்போவதில்லை. ஆனால் தொடக்கத்துக்கு அது சரியான இடமல்ல. கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவில் இருக்கும் கத்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் மூன்று இரவுகள், அதற்குப் பிறகு மலைச்சாலை. லே நகரமே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம், உடம்பு பழக இரண்டு நாள் படுத்திருக்க வேண்டும். பாங்காங், நுப்ரா, ஹன்லே போவதற்கு முன் அனுமதி விதிகளை விசாரித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நாள் பயணத்தில் கையில் நிற்கும் விடியல்கள் ஆறோ ஏழோ. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஆறு விடியல் போதாது.

பக்கத்து மலைகளிலும் விதிகள் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். பந்திப்பூர் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் விடியற்காலையில் நம் விருப்பப்படி போய் நிற்க முடியாது. போகவும் கூடாது, அது விலங்குகளின் நேரம். ஆகவே முதல் ஆண்டுக்குக் குளம், கடற்கரை, வயல், தேரி, பொட்டல் என்று திறந்த நிலங்களைச் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்குப் பின்னால் மேகம் மூடிய மலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிலக்காட்சிப் படம் விற்று முதல் சில ஆண்டுகள் பிழைக்க முடியும் என்று திட்டம் போடாதீர்கள். இதுவரை என் அச்சுகளை வாங்கியவர்கள் பதினோரு பேர், பாதிப் பேர் உறவினர். ஓய்வூதியமோ வட்டியோ வாடகையோ, ஏதாவது ஒரு வருமானத்தில் சோறு நடக்க வேண்டும். மாதம் 12,000 முதல் 14,000 ரூபாய்க்குள், அறை வாடகை உட்பட, என் செலவு முடிந்துவிடுகிறது.

வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருக்கப் போகிறேன். காற்றாலைகளுக்கு மேலே மேகம் ஓடும் பருவம் அது. அந்தக் காற்றுக்கு முக்காலியின் நடுக்கொக்கியில் தொங்கவிட ஒரு மணல் பை தைத்து வைத்திருக்கிறேன். மலை தெரியும் வெட்டவெளிக்குப் பத்து நிமிட நடையில் மாடியறை ஒன்று கிடைத்தது. முன்பணம் கொடுக்கும் முன் வீட்டுக்கார அம்மாவிடம், காலை நான்கரைக்கு வெளிக்கதவைத் திறந்துகொண்டு போகலாமா என்று கேட்டேன். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “நாய் மட்டும் குரைக்கும். மூன்று நாளில் உங்களைப் பழகிக்கொள்ளும்” என்றார்.